வீடு போய்விட்டது

மூன்றாம் நாள் ஹுய் ஷானுக்கு
அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் நாள் சாவி.
எந்தச் சாவியும் இரவில் உன் வீட்டில் தூங்கக் கூடாது,
கையெழுத்துப் போட்டு எடு, கையெழுத்துப் போட்டு வை.
இரண்டாம் நாள் பணம்.
முன்பணம் உன் கணக்கில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது,
ஐம்பது ரிங்கிட்டானாலும்,
வாடிக்கையாளர் உன் சித்தி மகனே ஆனாலும்.
எழுதிக்கொண்டாள், பச்சை மையில், அடிக்கோடு போட்டு.
கழுத்தில் தொங்கிய புது அட்டையின்
பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெலுத்தோங்கில் பதினேழாம் மாடி.
மூன்று அறை, இரண்டு கார் நிறுத்தம்,
பால்கனியில் எட்டி நின்றால் பாலத்தில் ஒரு துண்டு,
அதன் கீழே பழுப்பாகக் கடல்.
உரிமையாளர் ஓங் நல்ல மனிதர்.
வெள்ளிக்கிழமை தவறாமல் நாசி கண்டார் தின்பவர்,
எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லி.
"வாணி, உனக்குத் தெரியுமே" என்றார்.
"எனக்கொன்றும் இல்லை. சமையல் வாசனை
சுவரில் ஏறிவிடும் என்கிறாள் மனைவி."

எனக்குத் தெரியும்.
பதினோரு வருடமாகத் தெரியும்.
இதைச் சொல்கிறவர்கள் என் முகத்தை விட்டுவிட்டு
கையிலிருக்கும் சாவிக்கொத்தைப் பார்ப்பார்கள் என்பதும்.

லிஃப்டில் இறங்கும்போது அவளிடம் சொன்னேன்:
இந்தியர் யாராவது அழைத்தால்
வீடு போய்விட்டது என்று சொல்.
காரணம் சொல்லாதே. மன்னிப்பும் கேட்காதே,
கேட்டால் ஏன் என்பார்கள்.
குரலில் கொஞ்சம் வருத்தம், போதும்.
பொய் என்று நினைக்காதே,
மரத்துப்போக ஊசி போடுவதில்லையா, அது மாதிரி.

இதை அவள் எழுதிக்கொள்ளவில்லை.
மாடி எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நீங்களும் இப்படித்தான் சொல்வீர்களா?"
நான் தமிழில் சொல்வேன், என்றேன்.
தமிழில் சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள்.

வியாழக்கிழமை மதியம்.
அலுவலக ஏர்கான் ஒழுகி, கீழே வாளி வைத்திருந்தோம்.
அவள் கைப்பேசி அடித்தது. மலாயில் பேசினாள்.
திருவரசன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்.
பையன் பள்ளிக்கு நடந்தே போகலாம் என்று
அந்த வீட்டைக் கேட்கிறார்.
ஒரு நொடி நிறுத்தினாள்.
மூச்சைச் சற்றே உள்ளிழுத்து
"அலாமாக், நேற்றுத்தான் போய்விட்டது" என்றாள்.

அந்த அலாமாக் நான் தராதது.
அவளே சேர்த்தது. அருமையாக இருந்தது.
எத்தனை முறை சொல்லியிருப்பேன்,
அந்தப் பக்கத்தில் அது எப்படி விழும் என்று
இன்றைக்குத்தான் கேட்டேன்.
ஒரு கீறல் இல்லை.
யாரும் எதையும் பற்றிக்கொள்ள முடியாத,
எண்ணெய் தடவிய கைப்பிடி.

பாராட்டுக்குக் காத்திருந்தாள்.
வாளியில் சொட்டியது.

சாவியை ஓங்கிடம் திருப்பிக் கொடுத்தேன் என்று
எழுத ஆசைதான்.
கார் தவணை பதினைந்தாம் தேதி.
அழைத்து மட்டும் பார்த்தேன்:
நிலையான வேலை, சம்பளச் சீட்டு உண்டு,
ஒருமுறை அவர்களைப் பாருங்களேன்.
"உன்னைப்போல் இருந்தால் பரவாயில்லை, வாணி.
எல்லாரும் உன்னைப்போல் இருக்க மாட்டார்களே."
நன்றி என்று வாயில் வந்துவிட்டது.
பழக்கம்.

பிறகு அவளிடம் எண்ணை வாங்கி
ஸ்பீக்கரில் போட்டுத் திருவரசனை அழைத்தேன்.
வீடு போகவில்லை, சார். இருக்கிறது.
நம் ஆட்களுக்குத் தர மாட்டேன் என்கிறார் உரிமையாளர்.
அந்தப் பெண்ணைப் பொய் சொல்ல வைத்தது நான்.
வேறு இரண்டு வீடு தெரியும், முதலில் கேட்டுவிட்டு...

முடிக்க விடவில்லை அவர்.
இதைச் சொல்லத்தான் போன் பண்ணியா?
நம்ம ஆளுன்னு சொல்ல வெக்கமா இல்ல?
அந்தக் கமிஷன்ல சோறு எறங்குதா?
பின்னால் ஒரு பஸ் உறுமியது, அதன் ஊடே
இன்னும் சில, அச்சில் ஏறாதவை.
வைத்துவிட்டார்.

ஹுய் ஷான் பச்சைப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.
"என்ன சொன்னார்?"

ஒரு சொல்லும் விடாமல்
மொழிபெயர்த்தேன்.